விக்கிரம வருஷத்து வீரர்

தன் முன்னோர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற எவரையும் நான் தடுப்பதில்லை. கண்டுபிடித்ததை நாலு பேர் நடுவில் நின்று உரக்க வாசிக்காதீர்கள் என்று மட்டும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்வேன். நான் வாசித்தேன். கேட்டவர்கள் என் மாமனார் வீட்டார். (அன்றைக்கு அவர்கள் இன்னும் மாமனார் வீட்டார் ஆகவில்லை. ஆகாமலே போயிருக்கவும் வேண்டியவர்கள்.)

அப்போது எனக்கு இருபத்துநாலு வயசு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தை ஒட்டிய காலம். பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வக்கீலுக்குச் சட்டம் தெரியும், எனக்கு உலகமே தெரியும் என்பது என் எண்ணம். தாலுகா கச்சேரியில் மனுப் போட்டு நகல் வாங்குவதில் எனக்கு நிகர் ஜில்லாவிலேயே இல்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். வேறு யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் தைப்பூசத்தன்று ஆற்றங்கரையில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். பெயர் கோமதி. திருநெல்வேலி டவுனில் அரிசி மண்டி வைத்திருந்த சிதம்பரம் என்பவரின் மகள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா மூலம் அப்பாவின் காதில் போட்டு, அப்பா தரகரிடம் சொல்லி, ஒருவழியாகப் பெண் கேட்டுப் போனோம். சிதம்பரத்துக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்கிறவர் அவருடைய தகப்பனார். எல்லோரும் ‘பெரியவர்’ என்றே சொல்வார்கள், பெயரைச் சொல்லக்கூடப் பயம்.

“பையன் நல்ல பையன்தான்,” என்றார் சிதம்பரம். “ஆனா வம்சம் எப்படின்னு எங்கய்யா கேக்காவ. நிச்சயத்தன்னைக்குச் சபையில உங்க வம்ச வரிசையைச் சொல்லிட்டா, தட்டு மாத்திரலாம்.”

வம்ச வரிசை! அங்கேதான் இடித்தது. எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பெரிய பஞ்சம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். நாங்கள் அதைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்திருந்தோம். என் பெயர் நெல்லையப்பன், அப்பா சங்கரமூர்த்தி, தாத்தா நெல்லையப்பன், அவருடைய அப்பா சங்கரமூர்த்தி, அதற்கு மேலே போனால் மறுபடியும் நெல்லையப்பன். இரண்டே பெயரை வைத்துக்கொண்டு எத்தனையோ தலைமுறையை ஓட்டிவிட்டோம். இதைச் சபையில் சொன்னால் ஊஞ்சல் ஆடுவது போல இருக்குமே தவிர, வம்சம் மாதிரி இருக்காது.

சொல்லிக்கொள்ள யாராவது ஒருவர் வேண்டும். அப்பாவைச் சொல்லலாம் என்றால், அவர் சீவலப்பேரிக்குப் பக்கத்தில் கொஞ்சம் வயலை வைத்துக்கொண்டு, வெற்றிலையும் தானுமாக இருந்தார். அதிர்ந்து பேசமாட்டார். சந்தையில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் காலை இழுத்துக்கொள்வார். பெண் கேட்கப் போன அன்று கண்வலி என்று சொல்லித் துண்டைத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். பெரியவர் ஊர் எது என்று கேட்டதற்கு, “ஆத்துக்குக் கெழக்க,” என்று பொதுவாகச் சொன்னார். எனக்கு மானம் போயிற்று.

ஆகவே கச்சேரிக்குப் போனேன். கிராமத்துப் பழைய கணக்குகளையும் முன்சீப் நடவடிக்கைகளையும் அங்கே ஓர் அறையில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அந்த அறைக்குக் காவலாக ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். மனுவை நீட்டினேன். அவர் அதை வாசிக்கவில்லை, அதைக் கொண்டு விசிறிக்கொண்டார்.

“உம்ம ஊர்க் கட்டு அங்கன கெடக்கு. நீரே பாத்துக்கிடும் வே. பாம்பு இருந்தா ஒரு சத்தம் குடும்.”

பாம்பு இல்லை. கரப்பான், பல்லி, தூசி எல்லாம் போதிய அளவு இருந்தன. விடுப்புப் போட்டு, மதியச் சோற்றை மறந்து, தும்மித் தும்மி மூக்கு தக்காளி ஆகிற வரை தேடினேன். கடைசியில் ஒரு கட்டு ஓலை அகப்பட்டது. எங்கள் கிராம முன்சீப் விசாரித்த வழக்குகள். புள்ளியும் இல்லாமல் காலும் இல்லாமல் ஓடிய எழுத்தைத் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டே வந்தவன், ஓர் ஓலையில் நின்றுவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அது மனப்பாடம்:

‘விக்கிரம வருஷம் மாசி மாதம், நெல்லையப்பன் மகன் சங்கரமூர்த்தி என்கிறவன், மேலப்பண்ணையார் பூட்டி வைத்திருந்த வாய்க்கால் மடையைக் கடப்பாரையால் உடைத்துக் கீழவயலுக்குத் தண்ணீர் விட்டும், தடுக்க வந்த மேற்படி பண்ணையாரை வாய்க்காலில் தள்ளியும், அதனால் அவர் காதுக் கடுக்கன் ஒன்று தண்ணீரோடு போனபடியாலும், விசாரித்ததில் நான்தான் செய்தேன், கூட யாரும் இல்லை என்று மேற்படியான் தானே ஒப்புக்கொண்டபடியாலும், அவனைச் சாவடியில் அடைத்து வைத்தது.’

துள்ளிக் குதித்தேன். என் கொள்ளுத்தாத்தா! ஊருக்காக மடையை உடைத்தவர்! விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். விக்கிரம வருஷம் என்றால் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தி, கும்பினி ஆட்சிக் காலம். ஓலையோ பழுப்பேறிப் பூச்சி அரித்துக் கிடந்தது. சந்தேகமே இல்லை. முத்திரை போட்ட நகல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

“அப்பா, நம்ம வம்சத்துல ஒரு வீரரு கெடச்சிருக்காரு!”

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். “யாருலே அது?”

“உங்க தாத்தா. ஓலையில இருக்கு.”

தடவிய கை நின்றது. “எந்த ஊர் ஓலை?”

“நம்ம ஊர் ஓலைதான். சர்க்கார் நகல்.”

“என்ன எழுதியிருக்கு?”

“சபையில வாசிப்பேன். அங்க வந்து கேளுங்க.”

“சபையில என்னத்துக்குலே? பேரைச் சொன்னா போதாதா? செத்தவங்களைப் போட்டு ஏன் எழுப்புத?” என்றார். அவ்வளவு நேரம் அவர் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். (ஆமாம், பொறாமை என்றுதான் நினைத்தேன். வக்கீல் குமாஸ்தாவின் மூளை.)

நிச்சய நாள் வந்தது. சிதம்பரம் வீட்டுக் கூடம் முழுக்கப் பத்தமடைப் பாய் விரித்து, சந்தனம், கற்கண்டு, தாம்பூலத் தட்டு எல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். பெண்கள் உள்ளே கதவுக்குப் பின்னால் நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் நாற்காலியில் பெரியவர். தூணோரத்தில் அப்பா, மறுபடியும் கண்வலி, மறுபடியும் முக்காடு. நான் அல்பாகா கோட்டு மாட்டிக்கொண்டு எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தேன்.

நகலை வாசித்தேன். வெறுமனே வாசித்தால் போதாதா? போதாது என்று தோன்றியது. கோர்ட்டில் வக்கீல்கள் பேசுவதைப் பார்த்துப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன். “சபையோரே! ஆற்றுத் தண்ணீரைப் பூட்டி வைத்த அந்தப் பண்ணையார் எப்பேர்ப்பட்ட பாவியாக இருந்திருப்பான்! காய்கிற பயிரைப் பார்த்தும் மனசு இரங்காத அவனை வாய்க்காலில் தள்ளினார் எங்கள் கொள்ளுத்தாத்தா. தள்ளியது போதாது என்பேன்! இன்றைக்கு அவன் வம்சம் எங்கே இருக்கிறது? இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கும்!” என்று கையை வீசினேன்.

கூடம் அமைதியாக இருந்தது. பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

“ஏலே,” என்றார் பெரியவர். “அந்தக் கடுக்கன் போன எடத்தை இன்னொரு தடவ வாசி.”

ரசிகர் என்று எண்ணி, இன்னும் உரக்க வாசித்தேன். பெரியவர் பையத் தலையைத் திருப்பினார். வலது காதில் சிவப்புக்கல் கடுக்கன். இடது காது வெறும் காது.

“அந்தக் காது இதுதாம்லே.”

அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நகல் கையில் இருக்கிறதே! “இல்லீங்க, இது தொண்ணூறு வருஷத்துக்கு முந்தி நடந்தது. விக்கிரம வருஷம்னு தெளிவா...” என்று வாதாடினேன்.

“விக்கிரம வருசம் என்ன, ஒரு தடவ வந்துட்டுச் செத்தா போச்சு? அறுவது வருசத்துக்கு ஒருக்க திரும்பி வரும்லே, மூதி! முப்பது வருசத்துக்கு முன்ன வந்த விக்கிரமத்துல, ஊரே பாக்க, நான் சொட்டச் சொட்ட நனைஞ்சு வீட்டுக்குப் போனேன். அதோட அந்த நிலத்தை வித்துட்டு டவுனுக்கு வந்தவன், அந்தப் பக்கமே திரும்பல.”

“ஆனா ஓலையில...”

“அந்த ஊர்க் கணக்கன் சாவுற வரைக்கும் ஓலையிலதான் எழுதினான். கடுதாசின்னா அவனுக்கு ஆவாது.”

நின்றபடியே மறுபடி விரல்விட்டேன். வருஷத்தின் பெயர் அறுபது வருஷத்தில் சுற்றி வருகிறது. எங்கள் வீட்டில் மனிதர்களின் பெயரும் இரண்டு தலைமுறையில், கிட்டத்தட்ட அதே அறுபதில் சுற்றி வருகிறது. தொண்ணூறு வருஷத்துக்கு முந்திய விக்கிரமத்திலும் ஒரு நெல்லையப்பன் மகன் சங்கரமூர்த்தி உண்டு. முப்பது வருஷத்துக்கு முந்திய விக்கிரமத்திலும் ஒருவர் உண்டு. அவர் தூணோரத்தில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். கூடமே அவரைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு என் கோட்டே கனத்தது.

சிதம்பரம் நல்ல மனுஷர். நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். “ஐயா, அது வேற சங்கரமூர்த்தியா இருக்கும். ஆத்துக்குக் கெழக்க எத்தனையோ சங்கரமூர்த்தி. தம்பியும் தொண்ணூறு வருசம்னுதான சொல்லுதாரு.”

அப்பா தலையை ஆட்டினால் போதும். கல்யாணம் நடந்துவிடும். ஆட்டுங்கள், ஆட்டுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அப்பா எழுந்தார். முக்காட்டை எடுத்தார். கண் இரண்டும் தெளிவாகத்தான் இருந்தன.

“அண்ணாச்சி, அது நான்தான். உங்களைத் தள்ளினது தப்பு. அன்னைக்கே வந்து சொல்லியிருக்கணும், சொல்லல. மடையை ஒடைச்சது தப்பில்ல. கீழவயல்ல கதிரு வாங்குத நேரத்துல பயிரு காஞ்சு கெடந்துச்சு. இன்னைக்குப் பூட்டினாலும் ஒடைப்பேன்.”

சந்தையில் காலை இழுத்துக்கொள்கிற என் அப்பா! கல்யாணம் போயிற்று என்று தெரிந்தது, கோமதியும் கைவிட்டுப் போனாள் என்று தெரிந்தது, அழுகை வேறு முட்டிக்கொண்டு வந்தது. அதையெல்லாம் மீறி, இவர் என் அப்பா என்று அந்தக் கூடத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அன்றைக்குப் போதுமான அளவு கத்தியிருந்தேன்.

பெரியவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சபையைப் பார்த்துச் சொன்னார்: “முப்பது வருசமா இவன் மாப்புக் கேக்க வருவான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். வந்தவன் பொண்ணு கேட்டுல்லா வந்திருக்கான்!”

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்தது. பெரியவர் முறைத்துப் பார்த்தார். சிரித்தது கோமதி. அடக்க முடியாமல் அவள் மறுபடி சிரிக்க, பெரியவருக்கும் வாய் கோணிற்று. பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார்.

“தப்பிச்சுப் போவ இவன் மவனும் வழி வெட்டிக் குடுத்தான், எம் மவனும் குடுத்தான். அதுல போவலியே இந்தப் பய! தட்டை மாத்துலே சிதம்பரம். ஆனா எங் கடுக்கன் வந்தாவணும்.”

வந்தது. முகூர்த்தத்துக்கு முன்னால், வலது காதில் இருந்ததற்கு ஜோடியாகப் புதிதாகச் செய்த கடுக்கனை அப்பாவே பெரியவரின் இடது காதில் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் தாத்தாவுக்கு நகை போட்ட கல்யாணத்தைத் தாமிரபரணிக் கரையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் பார்த்ததில்லை.

நிச்சயம் முடிந்து வண்டியில் திரும்பும்போது, “இத்தனை நாளா ஏம்ப்பா சொல்லல?” என்று கேட்டேன்.

“என்னத்தைச் சொல்ல? மடையைத் தொறந்தேன். தண்ணி போச்சு.”

“அந்த வீடுன்னு தெரிஞ்சுமா பொண்ணு கேக்க வந்தீங்க?”

“உனக்குப் புடிச்சிருந்துச்சுல்லா,” என்றார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார்.

இப்போது எங்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆகிவிட்டார்கள். (மூத்தவன் பெயர் சங்கரமூர்த்தி. வேறென்ன வைப்போம்?) ஒரு கல்யாண வீட்டில் யாரோ என் மகனிடம் உங்கள் வம்சம் எப்படி என்று விசாரித்திருக்கிறார்கள். அவன் கொஞ்சமும் யோசிக்காமல், “அப்பா வழியில தள்ளினவங்க, அம்மா வழியில விழுந்தவங்க,” என்றானாம். அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிக்காமல் பந்தி எழுவதில்லை. சொல்லும்போதெல்லாம் நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வது உண்டு.

கோமதி மட்டும் ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து மகனுக்குக் குரல் கொடுப்பாள்: “விழுந்தவங்கதான் எந்திரிச்சு வந்து பொண்ணு குடுத்தாங்க. அதையும் சேத்துச் சொல்லச் சொல்லு உங்க அப்பாவை!”