தம்பையாவின் குளிர்ப்பெட்டியும் என் மண்பானையும்

உட்துறைமுக வீதி,
திருக்கோணமலை.
12.6.1943

அன்புள்ள மைத்துனர் தவராசாவுக்கு அத்தான் கோணாமலை எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா சிவபாக்கியமும் உயிரோடு இருக்கிறோம். அங்கும் எல்லோரும் அப்படியே இருக்கக் கோணேசர் அருள்புரியட்டும். நலம் என்று எழுத மனம் வரவில்லை.

அக்காவின் நீரிழிவுக்கு ஆசுபத்திரியில் இன்சுலின் ஊசிமருந்து தருகிறார்கள். இந்த வெயிலில் குளிர்ச்சியாக வைக்காவிட்டால் அது வலுவிழந்துவிடும். அடுத்த வீட்டுத் தம்பையாவிடம் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி இருக்கிறது. போன வருடம் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஓடிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவர் கொடுத்தது. தம்பையா பெண்சாதியை இழந்தவர், அவருக்கும் அதே வியாதி, அதே மருந்து. அக்காவின் மருந்தும் அந்தப் பெட்டிக்குள்தான். ஆகவே அவள் காலையும் மாலையும் அங்கே போய், ஊசி போட்டுக்கொண்டு, அரைமணி நேரம் கதைத்துவிட்டுச் சிரித்தபடி வருகிறாள். முப்பத்தாறு வருடத்தில் என் பகிடி ஒன்றுக்கும் அப்படிச் சிரித்ததில்லை. ஊசி போட்டவர் சிரிப்பாரா? நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் ஊசி போட்டும் அவளுக்குத் தாகம் அடங்கவில்லை, கால் தள்ளாடியது. நான் நேரே போய்ப் பெட்டியைத் திறந்தேன். தம்பையாவின் குப்பி கீழ்த்தட்டில். இவளுடையது மேலே, ஐஸ் தட்டோடு ஒட்டி, கல்லாக உறைந்து! தினமும் தன் உள்ளங்கைக்குள் பொத்தி உருக்கிக் கொடுப்பாராம்.

"உங்கட மனிசியின்ர மருந்தெண்டுதானே அண்ணை, நல்ல இடம் குடுத்தனான்" என்கிறார்.

"உம்மட்டை ஆர் நல்ல இடம் கேட்டது?" என்றேன். அகராதி பார்த்து நானே படித்த ஆங்கிலத்தில் மருந்துத் தாளை வாசித்துக் காட்டினேன்: குளிரில் வை, உறையவிடாதே. ஒருமுறை உறைந்தால் பிறகு உருகியும் பயனில்லை.

"ஐயோ, அவவைக் கொல்லப் பாத்தனே!" என்று மனுசன் அழுதுவிட்டார். என் மனைவிக்காக அழ அவருக்கு என்ன உரிமை?

அன்றே புதுக் குப்பி வாங்கி, அதைச் சின்னப் பானையில் இட்டு, அந்தப் பானையைப் பெரிய பானைக்குள் வைத்து, இடையில் நிலாவெளி மணல் நிரப்பி, நாளுக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றி, ஈரச்சாக்குப் போர்த்திக் காற்று வரும் குசினி யன்னலடியில் வைத்தேன். ஐந்தே நாளில் தாகம் நின்றது. ஆனால் அவளோ, "இஞ்சை போட்டா ஊசி நோகுது" என்கிறாள். நோகட்டும். இனி அந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று நீங்கள் தம்பியாக அவளுக்கு எழுத வேண்டும். தம்பையாவுக்கு நம் குடும்பம் ஒரு உதவியும் செய்யாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிள்ளைகள் நோயின்றி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஒருவருக்கும் வளையாத
கோணாமலை

பி.கு. (16.6.1943): இதைத் தபாலில் போடுமுன் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் தம்பையாவின் பெட்டி நின்றுவிட்டது. அக்கா அவருடைய குப்பியையும் என் பானைக்குள் வைத்துவிட்டாள். உயிர் விஷயம், மறுக்க ஏலாது. இப்போது அவர் இரண்டு வேளையும் இங்கே வந்து என் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சீனி போடாத கோப்பிக்கு இரண்டு பேரும் அப்படி என்ன சிரிக்கிறார்களோ! மேலே எழுதியதை விடுங்கள். எங்கிருந்தாவது இரண்டு கலன் மண்ணெண்ணெய் தேடித் தம்பையாவின் பெயருக்கு உடனே அனுப்புங்கள்.