இருபது குடைகளும் ஒரு சங்கிலியும்

"ஒண்ணுகூடவா இல்லை?"

பத்மநாபன் குனிந்து, மர ஸ்டாண்டின் இருபது துளைகளிலும் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் பார்த்தார். துளைக்குள் குடை ஒளிந்திருக்காது என்று அவருக்குத் தெரியும். ஆனால் முப்பத்துநாலு வருஷம் ஆடிட் பார்த்தவர். நேரில் சரிபார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

"அப்பா, அதானே ப்ராஜெக்ட்டே!" என்றாள் அம்மு. "மழை வந்தா எடுத்துண்டு போவா. நின்னா கொண்டுவந்து வெப்பா. மழைதான் இன்னும் பந்த் ஆகலையே."

"நின்னா மட்டும் வந்துடுமாக்கும்! ஊரை நம்பி இருபது குடையை ரோட்டில வெச்சிருக்கோம். நம்ம மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கு, ஏமாளின்னு."

புனேயின் பாணேரில், அவர்கள் குடியிருப்பின் கேட்டை ஒட்டிய பஸ் ஸ்டாப் அது. கல்லூரி மாணவர்கள் ஏதாவது தொழிலோ சேவையோ தொடங்கிப் பார்க்கட்டும் என்று ஓர் அறக்கட்டளை சின்னச் சின்னத் தொகை கொடுத்துக்கொண்டிருந்தது. அம்மு விண்ணப்பித்தாள். தேர்வானாள். இருபத்தைந்தாயிரத்தில் பாதி கைக்கு வந்தது. அதில்தான் இந்த ஸ்டாண்டும் குடைகளும். மீதிப் பாதி வருவதற்கு ஒரு நிபந்தனை: அடுத்த சனிக்கிழமை அறக்கட்டளையின் நஸ்ரின் மேடம் நேரில் வந்து பார்ப்பார், பாதிக் குடைகளாவது திரும்பி வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் கசார்வாடியில் இரண்டாவது ஸ்டாண்டு. பட்டறை வேலை முடிந்து நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்காக. அம்மு உண்மையில் ஆசைப்பட்டது அதற்குத்தான். வராவிட்டால் அறக்கட்டளையின் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு வார்த்தை விழும்: 'கைவிடப்பட்டது'.

அந்த வார்த்தை பத்மநாபனுக்குப் பொறுக்கவில்லை.

"பன்னண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பதினோரு பக்கம் ஃபாரம் வாங்கிண்டா. எங்க ஆபீஸ்ல ஜீப் வாங்கறதுக்கே ஏழு பக்கந்தான். அதையும் பொறுத்துண்டாச்சு. இப்போ குடையைத் தின்னவன் எவனோ, சிவப்பு மை என் பொண்ணுக்கா?"

குடைகளுக்கு எண் போட்டவரும் அவர்தான். கறுப்புக் குடைகளின் கைப்பிடியில் வெள்ளைப் பெயின்டில் ஒன்றிலிருந்து இருபது வரை. வியாழக்கிழமை திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டி முடிக்கவும் மழை கொட்டியது. எல்லோரும் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு குடையை உருவினார்கள். ஐந்தே நிமிஷத்தில் பஸ் ஸ்டாப் காலி. பத்மநாபனும் நனையாமல்தான் வீடு வந்து சேர்ந்தார்.

"உனக்குத் திங்கக்கிழமையிலேர்ந்து பரீட்சை. நீ போய்ப் படி. இந்தப் பக்கமே வராதே. நான் பாத்துக்கறேன்."

"நீங்க என்ன பண்ணப்போறேள்?" அம்முவின் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

"மரியாதையா ஒரு போர்டு எழுதி மாட்டப்போறேன்."

மரியாதையான போர்டு ஞாயிற்றுக்கிழமை மாட்டப்பட்டது. 'எடுத்த குடையைத் திருப்பி வைக்கவும். நன்றி.' மராத்தியில், ஹிந்தியில், ஆங்கிலத்தில். செவ்வாய்க்கிழமை வரை ஒரு குடையும் வரவில்லை. போர்டின் மேல் ஒரு டியூஷன் சென்டர்காரன் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

பஸ் ஸ்டாப்பின் மறுபுறம் ருக்மிணியின் இஸ்திரி வண்டி நின்றது. தார்ப்பாய் கூரைக்குக் கீழே, கரிப்பெட்டியின் சூட்டில், எந்நேரமும் அவள் அங்கேதான் இருப்பாள். பத்மநாபன் நோட்டீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"சாகேப், ஐகா னா..."

கொஞ்சம் கேளுங்கள் என்கிறாள். பத்மநாபன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாள் முழுக்க இங்கயே நிக்கறே. உன் கண் முன்னாடிதான் அத்தனையும் போயிருக்கு. உனக்கு இப்போதான் வாய் திறக்கறதா?"

இதை அவர் பாதி மராத்தியிலும் பாதி தமிழிலும் சொன்னார். கோபம் வந்தால் அப்படித்தான். அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, கரியை ஒரு முறை ஊதிவிட்டு, ஒரு சட்டையை மடித்தாள்.

இந்த ஊர் மரியாதைக்கு மசியாது என்று பத்மநாபனுக்குத் தோன்றியது. புனேக்காரர்கள் வாசலில் மாட்டும் பலகைகளை அவர் வருஷக்கணக்காகப் படித்து வருகிறார். அடுத்த தெரு பங்களாவில் ஒன்று உண்டு: 'இங்கே வண்டியை நிறுத்தினால் டயரில் காற்று இறங்கும். காரணம் கேட்க வேண்டாம். இது ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் வீடு.' அந்த கேட் முன்னால் ஒரு சைக்கிள்கூட நின்று அவர் பார்த்ததில்லை.

ஒரு மணிக்குப் பெயின்டர் கடைக்குப் போனார். ஒன்றிலிருந்து நாலு வரை புனேயில் கடைகள் மூடிக்கிடக்கும். பெயின்டர்களுக்கும் தூக்கம் உண்டு. கடை வாசலிலேயே மூன்று மணி நேரம் நின்றார். நிற்க நிற்க வாசகம் கூர்மையாகிக்கொண்டே போயிற்று. மாலையில் பலகை ஏறியது:

'குடை எடுத்துச் சென்ற கனவான்களே! மழை கடவுள் கொடுத்தது. குடை என் மகள் கொடுத்தது. கடவுள் கணக்குக் கேட்கமாட்டார். நான் கேட்பேன்.'

பலன் உடனே தெரிந்தது. ஜனங்கள் பலகையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் நாற்பத்தேழு பேர் சிரித்தார்கள். செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. குடியிருப்போர் அனைவரையும் திருடர் என்று சொல்லாமல் சொல்வதாக ஆட்சேபம் தெரிவித்தார். முப்பத்துநாலு வருஷம் மற்றவர்களுக்கு ஆட்சேபம் எழுதிய கைக்கு முதல் முறையாக ஒன்று வந்திருந்தது. பத்மநாபன் அதை மூன்று தடவை படித்தார்.

குடை மட்டும் வரவில்லை.

புதன்கிழமை அவரே காவலுக்குப் புறப்பட்டார். வாசற்கதவின் பின்னால் மாட்டியிருந்த குடையை எடுத்தார்.

"ஏன்னா, அது வந்து..." என்று அவர் மனைவி பாமா ஆரம்பித்தாள்.

"நீயும் ஆரம்பிக்காதே. இந்தப் பொண்ணுக்கு நான் ஒருத்தன்தான் பரிஞ்சுண்டு நிக்கறேன். வேற யாருக்காவது ரத்தம் கொதிக்கறதா இந்த ஆத்துல?"

பாமா அவரையும் அவர் கையையும் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். அவள் மௌனம் சில சமயம் இரண்டு மூன்று நாள் நீடிக்கும். அதற்குள் என்ன இருக்கிறதென்று பத்மநாபன் எட்டிப் பார்த்ததே இல்லை.

பஸ் ஸ்டாப்பில் கறுப்புக் குடையோடு யார் வந்தாலும் வழிமறித்தார். "கைப்பிடியைக் காட்டுங்கோ. நம்பர் இருக்கா?" ஒரு பாட்டியம்மாள் தன் குடையாலேயே அவர் முழங்காலில் ஒன்று போட்டாள். பத்தரை மணிக்கு, மடித்த குடைகள் இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஸ்டாண்டை நோக்கி வந்தான். பத்மநாபன் பாய்ந்தார்.

"எங்கேர்ந்துடா எடுத்தே? ரெண்டு! ஒண்ணு போறாதா உனக்கு?"

அவன் மிரண்டுபோய்ப் பின்வாங்கி, இஸ்திரி வண்டிக்குப் பின்னால் ஓடி மறைந்தான். பத்மநாபன் மூச்சிரைக்கப் போய்ப் பார்த்தபோது ருக்மிணி மட்டுமே இருந்தாள்.

"சாகேப், ஐகா னா..."

"உன் கூட்டாளிதானே அவன்? தெரியும் எனக்கு!"

வியாழக்கிழமை தன் பணத்தில் ஆறு புதுக் குடைகள் வாங்கினார். ஸ்டாண்டு காலியாக நின்று நஸ்ரின் மேடம் பார்த்துவிடக் கூடாதே! இவையும் போய்விடாதிருக்க ஒரு நீளச் சங்கிலி. அது ஸ்டாண்டின் இருபது துளைகளுக்குள்ளும் நுழைந்து, வெளியே வந்து, ஆறு குடைகளின் கழுத்தையும் சுற்றி, ஒரு பெரிய பூட்டில் முடிந்தது. சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

அன்று மாலை மழை பெய்தபோது ஆறு பேர் அந்த ஆறு குடைகளையும் விரித்து, ஸ்டாண்டைச் சுற்றி அவற்றின் கீழேயே நின்றார்கள். பஸ் வந்தது. அவர்களால் நகர முடியவில்லை. பஸ் போய்விட்டது.

"இதுவா சார் இலவசக் குடை?" என்று ஒருவர் ஹிந்தியில் கேட்டார். "எருமைகூட இதைவிடத் தூரம் போகும்."

"போகும். திரும்பியும் வரும்," என்றார் பத்மநாபன். "எருமைக்கு நாணயம் உண்டு."

சனிக்கிழமை காலை நஸ்ரின் மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். சின்ன வயசுதான். கையில் ஃபைல். அப்பா சொன்னபடி ஒரு வாரமாகப் பின் கேட் வழியாகவே போய்வந்த அம்மு, பரீட்சைக் களைப்போடு ஓடிவந்தாள். ஸ்டாண்டைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"அப்பா, யே க்யா ஹை? சங்கிலி எதுக்கு?"

"நீ சும்மா இரு. நான் பேசறேன்." குடையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு பத்மநாபன் முன்னால் வந்தார். இத்தனை நாள் சேர்த்து வைத்தது மொத்தமும் வெளியே வந்தது. "எழுதிக்கோங்கோ மேடம். கைவிடப்பட்டதுன்னு தாராளமா எழுதுங்கோ. ஆனா என் பொண்ணு கைவிடலை. இந்த ஊர்தான் அவளைக் கைவிட்டுது. கொழந்தை, மனுஷாளை நம்பினா. இருபது குடை. ஒருத்தனுக்கு, ஒரே ஒருத்தனுக்காவது, திருப்பி வெக்கணும்னு தோணித்தா? நனையறவனுக்குக் குடை கொடுத்தா அதை ஆத்துக்குக் கொண்டுபோய்ச் சொந்தம் கொண்டாடறான். வெக்கமா இருக்காதோ அவனுக்கு, தினம் அதைப் பிடிச்சுண்டு நடக்கறச்சே?"

மழை சங்கிலியின் மேல் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தது. அம்மு தரையைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. கசார்வாடி அவளுக்கு இப்போது வெகுதூரத்தில் இருந்தது. நஸ்ரின் மேடம் பெருமூச்சு விட்டு, பேனாவின் மூடியைத் திறந்தார்.

அப்போது ருக்மிணி இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். இந்த முறை அவள் யாரையும் கேட்கச் சொல்லவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, பழைய சேலையில் கட்டிய பெரிய மூட்டை ஒன்றை இழுத்து வந்து நஸ்ரின் மேடத்தின் காலடியில் அவிழ்த்தாள். கறுப்புக் குடைகள் சரிந்து விழுந்தன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண்.

"போன ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஒவ்வொருத்தரா கொண்டுவந்தாங்க மேடம், முதல்ல தாமதமானதுக்குக் கூச்சப்பட்டு, அப்புறம் சாகேபைப் பார்த்துப் பயந்து, சங்கிலி போட்டப்புறம் வைக்க ஓட்டையும் இல்லாம, எங்கிட்டக் கொடுத்துட்டுப் போனாங்க," என்றாள் மராத்தியில். "பத்தொன்பது இருக்கு, ஏழாம் நம்பரை மட்டும், திறப்பு விழா அன்னிக்கு எடுத்துட்டுப் போன சாகேப், இதோ இன்னும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்."