காணாமல் போன கிளியும் கண்டுபிடித்த முக்காலமும்

முக்காலம் வந்துவிட்டார்! நடந்தது, நடப்பது, நடக்கப்போவது மூன்றும் அவருக்கு அத்துப்படி. நான்காவதாக ஒரு காலம் இருந்திருந்தால் அதையும் சும்மா விட்டிருக்க மாட்டார்.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஓர் உடற்பயிற்சி அறை தூசி படிந்து கிடந்தது. அதில்தான் அவருக்கு மெத்தை போட்டுக் கொடுத்திருந்தார்கள். உடற்பயிற்சிக்கு ஒரு ஜீவன்கூட எட்டிப் பார்க்காத அறை அது. இப்போதோ குடியிருப்பவர்கள் எல்லாம் லிஃப்ட் வரும்வரை பொறுக்காமல் படிக்கட்டில் குதித்துக் குதித்து ஓடி வந்தார்கள். மக்களின் உடல்நலத்துக்கு அவர் செய்த தொண்டு அது ஒன்றுதான்.

போய் எதிரே உட்கார்ந்தால் போதும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. முக்காலம் கண்ணை மூடுவார். "உன் வீட்ல ஏதோ சுத்துது... சுத்தி சுத்தி நின்னுபோச்சு" என்பார்.

"ஐயோ, வாஷிங் மெஷின்!" என்று எதிரே இருக்கும் அம்மாள் கன்னத்தில் கை வைப்பார். கூட்டம் "ஆ!" என்று வாய் பிளக்கும்.

கட்டணம் கிடையாது. மனம் உவந்து கொடுக்கலாம். மனம் உவக்கும்வரை உதவியாளர் கதவைத் திறக்க மாட்டார். கூடவே 'ஒளிநீர்' என்று ஒரு பாட்டிலும் வாங்கிக்கொள்ள வேண்டும். சாதாரணத் தண்ணீர்தான், ஆனால் முக்காலம் அதை முறைத்துப் பார்த்திருக்கிறார்.

இந்தக் குடியிருப்புக்குக் கைப்பேசியில் ஒரு குழு உண்டு. ஒன்றும் சொல்வதற்கில்லை, நல்ல குழு. ஒருமுறை லிஃப்டில் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டபோது, ஒரே செய்தியில் எல்லா மாடியிலிருந்தும் ஆள் ஓடி வந்து கதவைப் பிளந்து மீட்டார்கள். யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் மதியத்துக்குள் கிடைத்துவிடும். மற்ற நேரமெல்லாம் என் மாமியார் இப்படிச் சொன்னாள், என் மகன் கணக்கில் கோட்டை விட்டான், எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று வீட்டுக் கதவுக்குள் நடப்பதை எல்லாம் கொட்டுவார்கள், படத்தோடும் பெயரோடும். பக்கத்து வீட்டுக்காரியிடம் நேரில் சொல்லக் கூச்சப்படுவதை, முகம் தெரியாத கூட்டத்திடம் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை.

இதே குடியிருப்பில் அக்காவும் தங்கையும் இரண்டு வீடுகளில் இருந்தார்கள். அக்கா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். தங்கைக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்துச் சொல்லும் வேலை.

ஒருநாள் அக்கா கடைக்கே வந்து நின்றாள். "ஊசியில நூல் கோக்க முடியலடி. எல்லாம் பனி மூட்டமா தெரியுது. கண்ணாடியை மாத்திக் குடு."

தங்கை பரிசோதித்தாள். போன மாதம் பார்த்த அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் சம்பந்தமே இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது.

"அக்கா, சர்க்கரை மாத்திரை ஒழுங்கா போடுறியா?"

அக்கா கூரையைப் பார்த்தாள்.

"அக்கா!"

"நிறுத்திட்டேன்டி. முக்காலம் ஐயா சொன்னார். மாத்திரைதான் என் ரத்தத்தை இருட்டாக்குதாம். ஒளிநீர் குடிச்சா போதுமாம்."

"அவர் என்ன டாக்டரா?"

"டாக்டர் என்னடி டாக்டர்? அவர்கிட்ட போனா, என்ன செய்யுதுன்னு நம்மகிட்டயே கேட்கறார். இவர் கேட்கவே இல்ல. நான் உட்கார்ந்ததும், 'அடுப்படில தலை சுத்தி விழப் பார்த்தியே'ன்னார். எனக்கு அப்படியே சிலிர்த்துப் போச்சு."

"நீ விழப் பார்த்ததை வேற யார்கிட்ட சொன்னே?"

"யார்கிட்டயும் சொல்லல. குரூப்ல மட்டும் போட்டேன்."

தங்கை சிரித்தாள். சிரித்துவிட்டு அக்காவை நேராக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தத்தில் சர்க்கரை எங்கேயோ ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள் என்று டாக்டர் திட்டித் தீர்த்தார். அக்காவுக்கு அப்போதும் மனம் கேட்கவில்லை. "ஆனாலும் ஐயா எப்படிச் சரியா சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"காட்டறேன் வா" என்றாள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழுவில் அவளுடைய செய்தி வந்தது: 'எங்கள் கிளியைக் காணவில்லை. பெயர் மிட்டாய். பச்சை நிறம், சிறகில் வெள்ளைப் புள்ளி. அழுது அழுது கண் வீங்கிவிட்டது.'

குழு கொதித்தெழுந்தது. அழும் முகங்கள் மழையாகப் பொழிந்தன. கிளி வளர்ப்பதன் பத்து நன்மைகளை ஒருவர் அனுப்பினார். மொட்டை மாடியில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். மூன்றாவது மாடி அம்மாள் ஒருபடி மேலே போய், அது தன்னிடம் 'அக்கா நலமா?' என்று கேட்டதாக எழுதினார்.

சாயங்காலம் தங்கை அக்காவோடு போய் முக்காலத்தின் எதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினாள்.

முக்காலம் கண்ணை மூடினார். "பச்சை... பச்சையா ஒண்ணு பறந்து போச்சு. சிறகுல வெள்ளை. பேரைச் சொன்னாலே இனிக்கும்!"

கூட்டம் "ஆ!" என்றது. இத்தனை பேரும் காலையில் அதே செய்தியைப் படித்தவர்கள். தங்களுக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று புல்லரித்துப் போனார்கள்.

"திரும்பி வருமா ஐயா?"

"வரும். மேற்கே ஒரு மரத்துல பசியோட உட்கார்ந்திருக்கு. ரெண்டு பாட்டில் ஒளிநீரை ஜன்னல்ல தெளி."

தங்கை திரும்பிப் பார்த்தாள். "அக்கா, என்கிட்ட எத்தனை கிளி இருக்கு?"

"கிளியா? நீ கோழியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுவியே!"

முக்காலத்தின் ஒரு கண் மட்டும் திறந்தது. "அது... போன ஜென்மத்துக் கிளி."

"போன ஜென்மத்துல காணாமப் போனது இப்ப மேற்கே பசியோட உட்கார்ந்திருக்கா?" பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கை கைப்பையை மடியில் வைத்தாள். "சரி, போகட்டும். இதுக்குள்ள என்ன இருக்குன்னு சொல்லுங்க. இதை நான் குரூப்ல போடல."

முக்காலம் கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். வியர்த்தது. "சக்தி இறங்கிடுச்சு. நாளைக்கு வா."

தங்கை கூட்டத்தில் நின்ற குழு நிர்வாகியைப் பார்த்தாள். அவரை வீட்டில் மனைவிகூட 'அட்மின்' என்றுதான் கூப்பிடுவாள். "குரூப்ல பேரில்லாம ரோஜாப் படம் மட்டும் போட்டு ஒரு நம்பர் இருக்கே சார், எந்த வீடு அது?"

"தெரியலையேம்மா. 'உங்களை மாதிரி அட்மின் உலகத்துலயே இல்ல'ன்னு எழுதிக் கேட்டாங்க. சேர்த்துட்டேன்."

"ஒரு போன் போடுங்க."

போட்டார். முக்காலத்தின் மெத்தைக்கு அடியில் ஒரு குத்துப்பாட்டு அலறியது. முக்காலம் இருமிப் பார்த்தார், பாட்டு அடங்கவில்லை. உதவியாளர் கதவைத் திறந்தார், முதன்முறையாக யாருடைய மனமும் உவக்காமலே. திறந்தவர் முதல் ஆளாக ஓடினார். பின்னாலேயே முக்காலம் ஓடினார். சிரித்துச் சிரித்துத் துரத்த முடியாமல் கூட்டம் சுவரில் சாய்ந்தது. தப்பிக்க எந்தப் பக்கம் வழி என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. குப்பை அறைக்குள் போய் மாட்டிக்கொண்டார். காவல்துறை வந்துதான் வெளியே எடுத்தது.

அன்றே எல்லாக் குடியிருப்புகளின் குழுக்களுக்கும் எச்சரிக்கை பறந்தது. வேறு மூன்று இடங்களில் அவர் கூட்டாளிகள் விரித்திருந்த மெத்தைகளும் சுருட்டப்பட்டன. அதுவும் குழுவால் நடந்த காரியம்தான், மறைக்கக் கூடாது.

அக்கா ஒளிநீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினாள். "வெட்கமா இருக்குடி. என் கதையை என்கிட்டயே வித்துட்டானே!"

"உனக்கு மட்டுமா வித்தான்?" என்றாள் தங்கை.

ஊருக்கே சொல்லிவிட்டு, ஒருவன் திருப்பிச் சொன்னதும் அவன் காலில் விழும் அன்பர்களே! தட்டச்சு செய்ய உங்களுக்குக் கட்டை விரல் போதும். நம்புவதற்கும் அதையே பயன்படுத்தாதீர்கள்.