பிரம்மதேசத்து மழையும் என் சட்டைப் பையும்

மே 18, சனிக்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். வாசல் குழாயில் நான்கு குடம் தண்ணீர். 5.30க்குக் காபி. 6.10 முதல் 7 வரை படிப்பு. 7.15க்கு ஸ்கூட்டரில் பிரம்மதேசம் கிளம்பினேன். என் டைரியில் அன்றைய பக்கத்தின் மேல்பாதி இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. கீழ்ப்பாதியில் மழை பட்டு மை கலைந்து, தாள் சுருங்கிக் கிடக்கிறது. அந்த மழைக்கு நானே காரணம் என்று இரண்டு ஊர்க்காரர்களும் இன்றும் சொல்கிறார்கள்.

நாற்பத்தெட்டாம் வயதில் அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்தேன். பாடம் சமயவியல். மரக்காணத்தில் பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறவனுக்கு இது எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. (எனக்கே இரண்டாவது செமஸ்டரில்தான் விளங்கியது. அதுவும் பாதி.)

எதிர்வீட்டுக்காரர் கேட்டார்: "சார், எந்த மதம் படிக்கிறீங்க?"

"எல்லா மதமும்."

"எல்லாத்துக்குமா மாறப்போறீங்க?"

என் மனைவி சாந்தி, "ஏங்க, படிச்சு முடிச்சதும் காவி கட்டிக்கிட்டுப் போயிட மாட்டீங்களே?" என்றாள். அந்தக் குரலில் கவலையைவிட ஆவல் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

இருவருக்கும் விளக்கினேன். சாமி கும்பிடுவது வேறு, கும்பிடுகிறவர்களைப் பற்றிப் படிப்பது வேறு. ஆய்வாளன் தள்ளி நின்று பார்க்க வேண்டும், எதிலும் தலையிடக் கூடாது. பேராசிரியை முதல் வகுப்பிலேயே சொன்னதை நான் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன்.

என் கள ஆய்வின் தலைப்பு, 'ஒரே அம்மன், இரண்டு வேண்டுதல்'. எங்கள் பக்கம் உள்ளே போனால் விவசாயம், கடலோரம் வந்தால் உப்பளம். அவர்கள் மாரியம்மனிடம் மழை கேட்பார்கள். இவர்கள் அதே மாரியம்மனிடம் மழை வேண்டாம் என்பார்கள். அன்று காலை பிரம்மதேசத்தில் மழைக்காகக் கூழ் ஊற்றினார்கள். மாலையில் என் மைத்துனன் ஏழுமலையின் உப்பளத்தில் கற்பூரம் ஏற்றுவதாக இருந்தது. விடிந்தால் உப்பு வாரப்போகிறார்கள் என்றால் முந்தின மாலை அங்கே அது வழக்கம். ஒரே நாளில் இரண்டு சடங்கும் கிடைக்கிற வசதி எந்த ஆய்வாளனுக்கு வாய்க்கும்? (வாய்க்காமலே இருந்திருக்கலாம்.)

ஏழுமலைக்கு ஏப்ரல் மழையில் ஒருமுறை எல்லாம் கரைந்துவிட்டது. மறுபடி பன்னிரண்டு பாத்தியில் உப்புத் தண்ணீர் கட்டி, மூன்று வாரம் வெயிலையே பார்த்துக்கொண்டிருந்து விளைவித்திருந்தான். இதுவும் போனால் அந்த வருடம் அவனுக்கு அவ்வளவுதான்.

பிரம்மதேசத்தில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. 9.40க்குப் பூசாரி அம்மன் காலடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். மறுத்தால் அவமரியாதை, வாங்கினால் தலையீடு. மூளை வேகமாக வேலை செய்தது. பழத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டு எழுதிச் செருகி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்படிச் செய்தால் அது பிரசாதமாக இருக்காது, மாதிரியாகிவிடும் என்பது என் முடிவு.

மாலை 4.30. உப்பள வரப்பில் ஏழுமலையும் எட்டு வேலையாட்களும் நின்றார்கள். வெள்ளை வெளேரென்று பாத்திகள். கற்பூரம் எரிந்த நேரத்தைக் குறிக்கக் குனிந்தேன். பையிலிருந்து உறை நழுவி, வரப்பில் உருண்டு, முதல் பாத்திக்குள் போய் உட்கார்ந்தது.

வேலையாட்களில் மூத்தவரான அஞ்சலை அக்கா இறங்கி எடுத்தார். சீட்டைச் சத்தமாகப் படித்தார்.

"மாதிரி எண் ஒண்ணு. மழை வேண்டல். பிரம்மதேசம்."

உறையை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னாது சார் இது?"

"சாம்பிள்மா. ஆய்வுக்கு."

"அம்மா காலடியில வச்சதா?"

"ஆமா."

"எதுக்கு வச்சாங்க?"

வேறு எவனாக இருந்தாலும் ஒரு பொய் சொல்லியிருப்பான். "மழைக்கு" என்றேன்.

"கூழும் குடிச்சீங்களா?"

"ரெண்டு டம்ளர். நோட்ல இருக்குது."

"ஐயையோ! மழையை வயித்துலயும் பையிலயும் கொண்டாந்து உப்புல வுட்டுட்டாரே இந்த மனுசன்!"

ஏழுமலை மெதுவாகச் சொன்னான்: "மாமா, நான் உங்களை ஒண்ணும் சொல்லல. அந்தப் பழத்தை எடுத்துக்கினு ரோட்டுக்கு அந்தாண்ட போயி நில்லுங்க."

நம்பிக்கைக்கும் வானிலைக்கும் தொடர்பில்லை என்று நான் ஆரம்பித்தேன். அஞ்சலை அக்கா பாத்தி வாரும் பலகையைக் கையில் எடுத்தார். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

5.20க்கு மேற்கே கருத்தது. 5.50க்கு முதல் துளி என் நோட்டில் விழுந்தது. தார்ப்பாய் இழுப்பதும் ஓடுவதும் கத்துவதுமாக இருந்தது. முப்பத்தைந்து நிமிடம் கொட்டியது. அதில் பதினோரு பாத்தி கரைந்தது. நான் எலுமிச்சம்பழத்தோடு புளியமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றேன்.

மழை விட்டதும் ஆய்வு முறைப்படி மறுபக்கத்தையும் விசாரிக்கப் பூசாரிக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பொட்டுகூட விழவில்லையாம்.

"அங்க பேஞ்சுதா?" என்றார்.

"நல்ல மழைங்க."

"அப்ப பழத்தோட நீங்கதான் அங்க இட்டுனு போயிட்டீங்க. ஏம்பா, எங்க மழையைத் தூக்கினு போக உனக்கு யாருப்பா சொன்னது?" சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் அந்தப் பேச்சின் நடுவில் மரியாதையை விட்டுவிட்டார்.

ஆய்வறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. பேராசிரியை ஓரத்தில் எழுதினார்: "இது கள ஆய்வா, குற்ற ஒப்புதல் வாக்குமூலமா?" மதிப்பெண் மட்டும் தாராளமாகவே போட்டிருந்தார்.

இப்போதும் மேற்கே மேகம் கூடினால் ஏழுமலை போன் செய்கிறான். "மாமா, எங்க இருக்கீங்க? வீட்டுலதானே?" கல்யாண வாசலில் யாராவது எலுமிச்சம்பழம் நீட்டினால் சாந்தி குறுக்கே கை நீட்டி வாங்கிக்கொள்கிறாள். "அவர்கிட்ட குடுக்காதீங்க, மண்டபம் ஒழுகும்" என்பாள். மகள் தன் தோழிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவதே, "எங்கப்பா, வானிலை மையம்" என்றுதான்.

டைரியில் அடுத்த பக்கம், மே 19, ஞாயிறு. நான் காபிகூடக் குடிக்கவில்லை. பாத்திகளில் நின்ற மழைத்தண்ணீரை வெளியேற்ற என்னால் ஆன கை கொடுக்கலாம் என்று 5.15க்கு உப்பளத்துக்குப் போனேன். மீந்திருந்த ஒரு பாத்தியை வாரிக்கொண்டிருந்தார்கள். அஞ்சலை அக்கா மட்டும் வரப்பின் முனைக்கு வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"வேலைக்கு வந்தீங்களா, எழுத வந்தீங்களா?"

"வேலைக்குத்தான்."

"அப்படீன்னா காட்டுங்க."

அன்று காலை முதல் வேலையாக, எட்டுப் பேர் பார்க்க வரப்பில் நின்று, சட்டைப் பை ஒன்று, பேண்ட் பை மூன்று, எல்லாவற்றையும் வெளியே இழுத்து உதறிக் காட்டினேன்.