வெர்லின் கராஜ் கதவுக்குக் கவசம் பூட்டிய காதை

வாழ்க வெர்லின் ஆஸ்கார்ட்! பெமிட்ஜி நகரின் வடகோடித் தெருவைத் தன் ஒற்றைப் பனித்தள்ளு எந்திரத்தால் கட்டியாண்ட காவலன், உறைந்த ஏரியின் நடுவே துளை போட்டு நாற்காலியில் அமர்ந்து ஒரே ஒரு மீனுக்காக நாளெல்லாம் நோன்பிருக்கும் தவசி, குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பதுக்கு இறங்கி மூக்குமயிர் ஊசியாய் விறைத்து நிற்கும்போதும் "பரவால்ல, இதவிட மோசமெல்லாம் பாத்திருக்கோம்" என்பதற்கு மேல் ஒரு சொல் உதிர்க்காத வன்னெஞ்சன், நீடூழி வாழ்க! ஒட்டுப்பசைக்கும் நுரைப்பலகைக்கும் காவல்தெய்வம் என்று ஒன்று உண்டானால், அது கொஞ்ச நேரம் வந்து இந்த நாவில் உட்காரட்டும். ஏனென்றால் சொல்லப்போவது பெரிய போர்.

பெரிய போர் எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பெண்தான் என்பார்கள். இங்கேயும் அப்படித்தான். ஆனால் யாரும் அவளைக் கவர்ந்துகொண்டு போகவில்லை. அவளாகவே மாடிப்படி இறங்கிப் போனாள்.

வெர்லினின் படுக்கையறை கராஜுக்கு நேர் மேலே. கராஜின் கதவோ ஒற்றைத் தகரம், காகிதத்துக்கு அண்ணன். கனடாவிலிருந்து கடிவாளமில்லாமல் ஓடிவரும் வாடை, அந்தத் தகரத்தைத் தட்டக்கூடச் செய்யாமல் உள்ளே நுழைந்து, கூரையைத் துளைத்து மேலேறி, படுக்கையறைத் தரையில் படை இறங்கிப் பாசறை அடித்துக்கொண்டது. நன்றி நவிலும் திருநாளுக்கு மறுநாள் காலை, வெர்லினின் இல்லத்தரசி கார்லிஸ் வெறுங்காலைத் தரையில் வைத்தாள்; வைத்த காலை வானத்துக்கு எடுத்தாள்; பிரகடனம் செய்தாள்.

"இந்தா வெர்லின், இது தரையா இல்ல ஏரியா? இது சூடாகுற வரைக்கும் நான் கீழ ஹீட்டர் ரூம் பக்கத்துலயே படுத்துக்கறேன். நீ வேணா இங்க கெடந்து மீன் புடி."

அன்று தொடங்கியது பிரிவு. இரட்டைக் கட்டிலில் ஒற்றை ஆளாய்ப் புரண்ட வெர்லின், பனியில் நனைந்த கரடிபோல் உறுமினான், முனகினான், கைபேசியில் வீடியோ பார்த்தான். அந்த வீடியோவில் ஒரு மீசைக்காரன், காப்பி குடித்து முடிப்பதற்குள் ஒரு கராஜ் கதவு முழுவதற்கும் நுரைப்பலகை ஒட்டி முடித்துக் கைதட்டிக்கொண்டான். நம் நாயகனின் நெஞ்சில் தீ மூண்டது. "கதவுக்குக் கவசம் பூட்டுவேன். தரையைச் சுடவைப்பேன். தாரத்தை மேலே ஏற்றுவேன்" என்று சூளுரைத்தான். கேட்பதற்கு அறையில் ஆள் இல்லை. பரவாயில்லை, சூளுரை சூளுரைதான்.

சனிக்கிழமை வந்தது. பிக்கப் வண்டி என்னும் பட்டத்து யானையின் முதுகு நிறைய, வெள்ளி முலாம் பூசிய நுரைப்பலகைகளும், பசைக் குழாய்களும், வெட்டுக்கத்தியும் வந்திறங்கின. இவை போதும் என்று சாதாரண மனிதன் நினைப்பான். வீரன் நினைப்பானா? நுரைக்கு மேல் நுரை, அதற்கு மேல் அழகுக்கு மெல்லிய பிர்ச் மர ப்ளைவுட் என்று மூன்றடுக்குக் கவசம் வகுத்தான். கதவு என்பது தினமும் மடிப்பு மடிப்பாய் வளைந்து மேலே ஏறி இறங்க வேண்டிய பிராணி என்ற சின்ன விஷயம் மட்டும் அந்த வியூகத்தில் விடுபட்டிருந்தது.

அப்போது பக்கத்து வீட்டு ட்வெய்ன் பொல்காம்ப், இரு கைகளையும் கோட்டுப் பைக்குள் சொருகியபடி, தற்செயலாய் வருபவன்போல் வேண்டுமென்றே வந்தான்.

"ஒத்தாசைக்கு ஆள் வேணுமாப்பா?"

"அட வேண்டாம்ப்பா, உனக்கு ஆயிரம் சோலி இருக்கும்."

"எனக்கென்ன சோலி. கதவு கனம் கூடுச்சுன்னா அதத் தூக்குற ஸ்பிரிங்க வேற முறுக்கணும்ல. நான் வேணா..."

"சேச்சே, அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ போய் மேட்ச் பாரு."

அந்த ஊரில் பிறந்தவனுக்கு இது மறுப்பே இல்லை. காப்பி வேண்டுமா என்றால்கூட இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் கேட்டபின்தான் "சரி, உனக்குச் சிரமமில்லேன்னா" என்று கோப்பையை நீட்டுவார்கள். முதல் கேள்விக்கே தலையாட்டுபவன் அங்கே மானங்கெட்டவன். எனவே வெர்லின் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, மனதுக்குள் ஆவலோடு, மூன்றாவது கேள்விக்குக் காத்திருந்தான். ட்வெய்னும் வாயைத் திறந்தான். திறந்த வாயிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பிய அதே கணத்தில் அவன் பையில் கைபேசி அலறியது. "ஹாட்டிஷ் சாப்பாடு ஆறிப் போகுது, எங்க தொலஞ்ச?" என்றது மனைவியின் குரல். ட்வெய்ன் ஓடினான். கேட்கப்படாத மூன்றாம் கேள்வி காற்றிலேயே உறைந்து உதிர்ந்தது.

தனியன் ஆனான் வெர்லின். ஆனாலும் தளர்ந்தானில்லை. கத்தி மின்ன, நுரைத்துகள் பனிமழையாய்ப் பொழிய, பசை முழங்கை வரை வழிய, பலகையை வெட்டினான், விரலையும் கொஞ்சம் வெட்டினான், ஒட்டினான், கதவோடு தன் கையுறையையும் சேர்த்து ஒட்டினான், பிய்த்தான், மறுபடி ஒட்டினான். கதவின் மடிப்புகளுக்கு நடுவே இம்மியளவு சந்தும் இல்லாமல், வாடையின் பேரப்பிள்ளைகூட நுழைய முடியாதபடி, விளிம்போடு விளிம்பை இறுக்கி அடைத்தான். பொழுது சாயும் நேரத்தில் பிர்ச் பலகைகள் பொன்னாய் மினுங்க, அரண்மனை வாயில்போல் நின்றது கதவு. அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, வெற்றி முரசு அறைபவன்போல் பொத்தானை அழுத்தினான்.

மோட்டார் முனகியது. பிரசவ வேதனையில் காண்டாமிருகம் எழுப்பும் ஓசையோடு கதவு எழுந்தது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம் என்று ஏறியது. மேல் வளைவில் திரும்ப வேண்டிய இடத்தில், சந்தே இல்லாத பலகைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு, நெரிசல் பேருந்தில் மாட்டிய இரண்டு தொந்திகள்போல் சிக்கி நின்றன. மோட்டாரிலிருந்து தீய்ந்த நாற்றம் வந்தது. கதவு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இதுவரை தகரத்தின் வழியே ஊடுருவி வந்துகொண்டிருந்த குளிர், இப்போது அழைப்பிதழ் வைத்ததுபோல் குடும்பத்தோடு உள்ளே வந்தது. மாடித்தரை சூடாவது கிடக்கட்டும். இப்படியே விட்டால் கராஜ் ஓரமாய்ப் போகும் தண்ணீர்க் குழாயே வெடித்துவிடும்.

பக்கத்தில் தன் வாசலில் ட்வெய்ன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனாக உதவிக்கு வரவில்லை. வெர்லின் கூப்பிடவில்லை. இரண்டு பெருவேந்தர்கள், நடுவே ஒரு பனிமேடு.

"என்னப்பா, கொஞ்சம் காத்தாடுதோ?"

"ஆமா, நல்ல காத்தோட்டம்."

"கதவு பாதி தொறந்திருக்கே?"

"பாதி மூடியும் இருக்குல்ல."

"ம்ம். ப்ளைவுட் அழகா இருக்கு. பிர்ச்சா?"

"பிர்ச்தான்."

"அழகு."

இருவர் புருவத்திலும் பனி படிந்தது. இப்படியே வசந்தம் வரை நின்றிருப்பார்கள். நல்லவேளை கார்லிஸ் நியூ ஜெர்சியில் பிறந்தவள். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லும் அருங்கலை இத்தனை வருட மணவாழ்விலும் அவளுக்குக் கைவரவில்லை. சமையலறைக் கதவைப் பிளந்துகொண்டு அவள் முழங்கினாள்:

"ரெண்டு பேருக்கும் மூள உறஞ்சு போச்சா? ட்வெய்ன், வந்து இந்தக் கதவ எறக்கிக் குடு! வெர்லின், நீ வாயத் தொறந்த, கொன்னுடுவேன்!"

ட்வெய்ன் வந்தான். பலகைகளின் விளிம்பைக் கத்தியால் சீவிச் சந்து விட்டான். இரும்புக் கம்பிகளைச் சொருகி, வெர்லினைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்பிரிங்கை முறுக்கினான். கதவு பசுமாதிரி இறங்கி வந்து படுத்துக்கொண்டது.

"போன வருஷம் என் கதவுலயும் இதே கூத்துதான்" என்றான்.

"அப்ப மத்தியானமே சொல்லித் தொலஞ்சிருக்கலாமேப்பா!"

"நீதான் வேண்டாம்னியே. ரெண்டு தடவ."

அடுத்த வாரம் முழுக்க வெர்லின் வரவு செலவு பார்த்தான். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது, வரவு. வண்டியில் ஒட்டிவந்த பனி உருகி கராஜ் நடுவே கறுப்பாய்க் குளம் கட்டியது, செலவு. காற்றடித்தால் கதவு தடதடக்கவில்லை. ஆனால் பொன்னான பிர்ச் பலகையின் ஓரமெல்லாம் எலி கடித்த ரொட்டிபோல் ஆகிவிட்டது, மோட்டார் ஒவ்வொரு முறையும் சாபம் விட்டபடிதான் ஏறியது, ட்வெய்ன் பார்க்கும்போதெல்லாம் சிரித்தான், அது ஆயுள் முழுக்க ஓடும். இத்தனையும் தாங்கலாம். ஏனென்றால் மாடித்தரை மாறிவிட்டது. வெறுங்காலில் நின்றால் இப்போது கூசவில்லை. அதற்குத் தீர்ப்பு எழுத வேண்டிய நீதியரசி, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு, இதோ மாடியேறி வந்தாள்.

அவள் செருப்பைக் கழற்றினாள். அண்டசராசரமும் மூச்சடக்கி நிற்க, வாடை வடதிசையில் தலைகுனிந்து நிற்க, வெர்லின் புது விரிப்பு விரித்த கட்டிலின் அருகே கொடிமரம்போல் நிமிர்ந்து நிற்க, அவள் வலக்காலைத் தரையில் வைத்தாள். பிறகு இடக்காலையும் வைத்தாள். விரல்களை விரித்து அழுத்திப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஐஸ் மாதிரியே இல்ல. நல்லாச் செஞ்சிருக்க, வெர்லின்."

ஆகா! குளிர்கடந்த கோமானின் மார்பு விம்மிற்று, காது மடல்கள் செம்பவளமாய்ச் சிவந்தன, வெட்டுப்பட்ட விரல் வலி மறந்தது, சங்குகளும் முரசுகளும் பனித்தள்ளு எந்திரங்களும் ஒருங்கே முழங்குவதாய் அவன் செவியில் கேட்டது, பிரிவென்னும் நெடும்பாலை கடந்து கூடலென்னும் சோலையின் வாயிலில் வந்து நின்ற அவன், அவளுக்கென்று விட்டுவைத்திருந்த கட்டிலின் சுவரோரப் பாதியை இரு கையாலும் தட்டிச் சமன் செய்தான்.

"அப்ப இனிமே உனக்கு மேல குளிராது" என்று சொல்லிவிட்டு, கட்டிலில் கிடந்த கெட்டிப் போர்வையையும் எடுத்துக்கொண்டு கார்லிஸ் கீழே போய்ப் படுத்துக்கொண்டாள்.