இரு அலகுக் கொள்கை

அக்டோபர் 6, திங்கள். இன்று தீர்மானத்தில் 'மில்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'மில்லிமீட்டர்' என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினேன். அடித்த கோடும் கோணல்.

நவநீதனின் டைரி இப்படித்தான் இருக்கும். தன் தவறைத் தானே எழுதிவைக்கும் செயலாளர் வாய்ப்பது உலகில் எந்தச் சங்கத்துக்கும் எளிதில் கிட்டாத பேறு. திருச்சியின் 'பொன்னிக்கரை துப்பாக்கி சுடுவோர் சங்க'த்துக்கு அது கிட்டியிருந்தது. பகலில் துவாக்குடிப் பட்டறை ஒன்றில் ஸ்டோர் கீப்பர்; மாலையில் கணக்கியல் வகுப்பு; மிச்ச உயிர் சங்கத்துக்கு. எதையும் மூன்று முறை சரிபார்ப்பான். மூன்றாவது முறையும் சந்தேகம் தீராது.

சங்கத்தில் துப்பாக்கி ஒன்று. சுடத் தெரிந்தவரும் ஒருவர்: கல்லூரி மாணவி பிரான்சி. மற்றவர்களெல்லாம் நிர்வாகிகள்.

ஞாயிறன்று வையம்பட்டிப் பக்கம் மாவட்டத் தேர்வு. பொட்டல் காட்டில் அங்கங்கே தகரக் குருவிகளை நட்டிருப்பார்கள். எது எவ்வளவு தூரம் என்று சொல்ல மாட்டார்கள். தூரத்தை அளந்து, துப்பாக்கி மேலிருக்கும் தொலைநோக்கியின் திருகை அதற்கேற்பத் திருப்பி, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்துக்குள் சுட வேண்டும். முதலில் வருபவருக்கு மாநிலப் போட்டியில் இடம். பிரான்சிக்கு இது கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும்.

ஆகவே லேசர் தூரமானி ஒன்று வாங்கச் சங்கம் முடிவு செய்தது. தூரத்தோடு, திருகை எவ்வளவு திருப்புவது என்றும் அது சொல்லும். சில 'மில்' கணக்கில் சொல்லும், சில 'எம்.ஓ.ஏ.' கணக்கில். இரண்டும் கோண அளவுகள்தான்; ஆனால் கஜமும் மீட்டரும் போல வேறு வேறு.

"நம்ம திருகுல மில்லுதான் சார் போட்டிருக்கு. மில்லு காட்டுற மெஷினா வாங்கிடுங்க" என்றாள் பிரான்சி.

விஷயம் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். பொறுப்புள்ள சங்கங்கள் விஷயங்களை அப்படி முடிப்பதில்லை.

தலைவர் பாக்கியநாதன், ஓய்வுபெற்ற பேராசிரியர், தொண்டையைச் செருமினார். "எம்.ஓ.ஏ.தாம்மா பாரம்பரியம். ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு. என்ன அழகான கணக்கு!"

பொருளாளர் ரெங்கராஜுக்கு ஸ்ரீரங்கத்தில் பாத்திரக்கடை. "பாரம்பரியத்த ஸ்ரீரங்கத்துக்காரனுக்கே சொல்லித் தர்றீங்களா? மில்லுதாங்க. பத்துப் பத்தாப் போகும். கல்லாவுல உக்காந்தவனுக்குத் தெரியும்."

"அப்ப நான் கல்லாதவனா?"

புதன்கிழமை அவசரக் கூட்டம். வியாழக்கிழமை அவசரக் கூட்டம் பற்றிய கூட்டம். முடிவில், யார் மனமும் நோகாத வகையில் ஒரு மகத்தான சமரசம் பிறந்தது. தொலைநோக்கி மில்லிலேயே நீடிக்கும், தூரமானி எம்.ஓ.ஏ.வில் வாங்கப்படும். ஆளுக்கு ஒன்று. 'இரு அலகுக் கொள்கை' என்று தலைவர் பெயர் சூட்டினார். கைதட்டலுக்கு நடுவே மெதுவடை வந்தது.

"சார், ரெண்டும் ஒரே கணக்குல பேசணும்னுதானே இத வாங்குறோம்?" என்றாள் பிரான்சி.

"ஜனநாயகத்துல ரெண்டு குரல் இருந்தாத்தாம்மா அழகு."

நடுவில் விழுந்த சிறு இடைவெளியை நிரப்ப, நவநீதன் 'அலகு மாற்று அலுவலர்' ஆக்கப்பட்டான். சனிக்கிழமைப் பயிற்சியில் கால்குலேட்டரோடு பிரான்சியின் அருகே நின்றான்.

"அஞ்சு புள்ளி ரெண்டுன்னு காட்டுதுண்ணே."

"மூணு புள்ளி நாலு நாலால வகுத்தா... ஒண்ணரை. இரு, இன்னொரு தரம் போட்டுப் பாத்துடுறேன்."

"தகரக் குருவிங்கறதால உக்காந்திருக்குண்ணே. நிசக் குருவியா இருந்தா இந்நேரம் கொல்லிமலைக்குப் போய்க் குஞ்சு பொரிச்சிருக்கும்."

ஒரு குருவிக்கு ஐந்து நிமிடம் ஆனது. பிரான்சி அதன் பிறகு சிரிக்கவில்லை.

ஞாயிறு காலை வையம்பட்டி பஸ்ஸில், தூரமானி உடையாமல் இருக்கிறதா என்று நவநீதன் மூன்றாவது முறை எடுத்துப் பார்த்தான். கட்டைவிரல் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தியபடி இருந்துவிட்டது. திரையில் எம்.ஓ.ஏ. மறைந்து மில் வந்தது. பதறிப்போய் மறுபடி அழுத்தினான், எம்.ஓ.ஏ. திரும்பி வந்தது.

"பிரான்சி, தப்பு நடந்துபோச்சு. இந்தப் பொத்தான அழுத்திப் பிடிச்சா மில்லா மாறிடுது. ஆனா தீர்மானப்படி..."

அவன் முடிப்பதற்குள் அவள் அழுத்திவிட்டாள். "தீர்மானம் மாறலண்ணே. மெஷின்தான் மாறியிருக்கு."

பந்தலுக்கடியில் நிர்வாகிகள் பார்த்துக்கொண்டிருந்ததால் நவநீதன் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே நின்றான். ஏழாம் வாய்ப்பாடு போட்டான். தகரக் குருவிகள் டங் டங்கென்று சாய்ந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை. பிரான்சி முதலிடம்.

திங்களன்று பாராட்டுக் கூட்டம். வெற்றி இரு அலகுக் கொள்கையின் வெற்றி என்று பதிவானது. கொள்கையைத் தந்த தலைவருக்குச் சால்வை. தூரமானிக்குப் பணம் எடுத்துத் தந்த பொருளாளருக்குச் சால்வை. பொத்தானைப் பற்றிச் சொல்ல நவநீதன் எழுந்தான். அவனுக்கும் ஒரு சால்வை விழுந்தது. உட்கார்ந்துவிட்டான். பிறகு, மாநிலப் போட்டிக்குத் தலைவரும் பொருளாளரும் தூரமானியுடன் சென்னை செல்வதென ஏகமனதாக முடிவாயிற்று.

"சார்... பிரான்சி?" என்றான் நவநீதன்.

பாக்கியநாதன் பரிவோடு பார்த்தார். "அந்தப் பொண்ணுதான் ஜெயிச்சுருச்சே தம்பி. இன்னும் எதுக்கு அதுக்கு அலைச்சல்?"

ரெங்கராஜ் முதல்முறையாகத் தலைவரின் கருத்தை அப்படியே ஆமோதித்தார்.

அக்டோபர் 13, திங்கள். நாளை காலை ஜங்ஷனுக்குப் போய்ப் பிரான்சிக்குச் சென்னை டிக்கெட் எடுக்க வேண்டும். கூட்டம் கூட்டக் கூடாது.