சம்மர் டிக்கெட்டும் என் முதுகுவலியும்

பாயான் பாரு,
மே 21

அன்பும் மதிப்பும் உள்ள சம்பந்தி திரு. சந்திரசேகரன் அவர்களுக்கும், சம்பந்தியம்மா திருமதி தனலெட்சுமி அவர்களுக்கும், பெர்னார்ட் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம், முதுகு உட்பட. பத்து காவானில் நீங்கள் இருவரும் நலமாக இருக்க என் ஆண்டவரிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சாமியிடம் என் சார்பில் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், இப்போது எனக்கு எல்லாப் பக்கமும் ஆதரவு தேவைப்படுகிறது.

போனிலேயே பேசியிருக்கலாம், ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். தீபாவளிக்கு நான் போன் செய்தாலும், கிறிஸ்துமஸுக்கு நீங்கள் செய்தாலும், உங்கள் முதல் கேள்வி "முதுகு இப்ப எப்படி இருக்கு சம்பந்தி?" என்பதுதான். அதற்கு மேல் எனக்குப் பேச்சு எழுவதில்லை. ஆகவே முதலில் அதை எழுதி முடித்துவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மகள் லினெட்டுக்கும் உங்கள் மகன் லோகேஸ்வரனுக்கும் உங்கள் கோயிலில் கல்யாணம் நடந்த அன்று, முதுகுவலி என்று சொல்லி நான் வராமல் இருந்தேனே, எனக்கு முதுகுவலி இல்லை. முதுகு கல் மாதிரி இருந்தது. மாதா கோயிலில் கல்யாணம் வைக்கவில்லையே என்ற கோபம்தான் இருந்தது. காலையில் ஆரம்பித்து, நீங்கள் தாலி எடுத்துக் கொடுத்த நேரம் வரைக்கும் நான் கீழே நிறுத்தியிருந்த கெரேத்தாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். குனிந்து, நிமிர்ந்து, காரின் நான்கு டயரையும் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். என் மனைவி உயிரோடு இருந்திருந்தால் காதைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். அன்று மாலை நீங்கள் கல்யாணச் சாப்பாட்டை டப்பாவில் போட்டு, கூடவே ஒரு தைலக் குப்பியும் வைத்துக் கொடுத்தனுப்பினீர்கள். சாப்பாட்டைச் சாப்பிட்டேன், பாயசம் நன்றாக இருந்தது. தைலத்தின் மூடியைத் திறக்க மட்டும் இன்றுவரை மனம் வரவில்லை. அலமாரியில் மாதா படத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, நான் ஜெபம் சொல்லும்போதெல்லாம் என்னையே பார்க்கிறது.

லினெட் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை, அது உங்களுக்குத் தெரியும். மெல்பர்ன் போனதைக்கூட நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன மாதக் கடைசியில் திடீரென்று அவளிடமிருந்து போனில் ஒரு குரல் செய்தி. "அப்பா, இந்த சம்மருக்கு இங்க வாங்கப்பா. டிக்கெட் சீக்கிரம் பாருங்க, சம்மர்ல விலை ஏறிடும்." அவ்வளவுதான். பதினோரு முறை போட்டுக் கேட்டேன். உடனே "ஓகே" என்று அனுப்பினேன். எந்த மாதம், எந்தத் தேதி என்று கேட்டிருக்கலாம், கேட்க வேண்டும் என்று விரலும் போனது. ஆனால் கேட்டால், அப்பா மறுபடியும் சாக்குத் தேடுகிறார் என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்துவிட்டேன். இந்த முறை நான் போகாவிட்டால் அவள் மறுபடி கூப்பிடமாட்டாள், என் மகளை எனக்குத் தெரியும், பிடிவாதம் என்னிடமிருந்து போனதுதான். ஆகவே சம்மர் எப்போது என்பதை நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன். பினாங்கிலேயே பிறந்து அறுபத்து மூன்று வருடம் பினாங்கிலேயே வேர்த்துக்கொண்டிருப்பவனுக்கு சம்மர் எப்படித் தெரியும், சொல்லுங்கள்? நமக்கு வெயில் உண்டு, மழை உண்டு, டுரியான் காலம் உண்டு, பள்ளி விடுமுறைக்குப் பாலத்தில் கார்கள் நகராத காலம் உண்டு. காலண்டரில் சம்மர் என்று எங்கேயாவது போட்டிருக்கிறானா?

எங்கள் மாடியில் குணவதி டீச்சர் இருக்கிறார், இடைநிலைப்பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய்க் கேட்டேன். எந்த ஊருக்கு என்றார். பொதுவாக வெளிநாடு என்றேன். மெல்பர்ன் என்றால் லினெட், லினெட் என்றால் கல்யாணம், கல்யாணம் என்றால் முதுகு, இதெல்லாம் அடுக்குமாடி முழுக்க எதற்குத் தெரிய வேண்டும்? "ஜூன், ஜூலை, ஆகஸ்ட்," என்றார் டீச்சர். நான் எழுந்துவிட்டேன். "இருங்க பெர்னார்ட், முழுசா கேட்டுட்டுப் போங்க. பூமி நேரா நின்னு சுத்தல, கொஞ்சம் சாய்ஞ்சு சுத்துது, அதனால என்னா ஆகும்னா..." என்று ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் டார்ச் லைட்டையும் கையில் எடுத்தார். "டீச்சர், பூமி சாயட்டும் லா, டிக்கெட் விலை ஏறிடும்," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு ஓடினேன். ஓடுகிறவன் கையில் அந்த ஆரஞ்சையும் கொடுத்தனுப்பினார், நல்ல மனுஷி.

அங்கிருந்து நேராக பாசாருக்குப் பக்கத்தில் ரொஸ்னா வைத்திருக்கும் டிராவல் கடைக்குப் போனேன். "சம்மரா அங்கிள்? சம்மர்னா மஹால் லா, விலை எகிறிடும்!" என்று அந்தப் பெண் எடுத்த எடுப்பிலேயே சிரித்தாள். லண்டன், பாரிஸ் என்று சுவர் முழுக்கப் படம். ஜூலைக்கு அவள் சொன்ன விலையைக் கேட்டதும் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். எந்த ஊருக்கு அங்கிள் என்று அவளும் கேட்டாள், யோசித்துச் சொல்கிறேன் என்று அவளிடமும் மழுப்பிவிட்டு வந்தேன். வரும்போது ஓர் இலவசப் பேனா கொடுத்தாள். இந்தக் கடிதம் அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன், நடுநடுவே மை நிற்பதற்கு மன்னிக்கவும்.

பிறகு பக்கத்து வீட்டு ஷாருல். தினமும் பாலம் தாண்டி உங்கள் பத்து காவான் தொழிற்சாலைக்குத்தான் வேலைக்குப் போகிறார். அவர்தான் வெப்சைட்டில் நாமே டிக்கெட் வாங்கலாம் என்று கணினியில் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். "அங்கிள், ஒரே ஊர திரும்பத் திரும்பப் பாத்தீங்கன்னா, உங்களுக்கு ஆசை வந்துடுச்சுன்னு அது தெரிஞ்சுக்கும். விலைய ஏத்திடும்." அட, இது மீன் கடைக்காரன் புத்தியல்லவா என்று எனக்கு ஒரு தெம்பு வந்தது. பாசாரில் நாம் என்ன செய்வோம்? வேண்டிய மீனைப் பார்க்கவே மாட்டோம், பக்கத்துத் தட்டில் இருக்கும் நண்டை விசாரிப்போம், போகிறமாதிரி இரண்டடி நடப்போம், அவனே கூப்பிடுவான். அப்படியே செய்தேன். மெல்பர்னை ஒரு தரம் பார்ப்பேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடானை நாலு தரம் விசாரிப்பேன், ஹாட்யாயை ஒரு தரம், பிறகு கணினியை மூடிவிட்டு எழுந்து நடப்பேன். மூன்று வாரம் இதே வேலை, அந்த நாற்காலியைவிட்டு நான் எழுந்தது இந்த இரண்டடி நடக்கத்தான். வெப்சைட் என்னைக் கூப்பிடத்தான் செய்தது, ஆனால் மேடானுக்கு. "பெர்னார்ட், மேடான் உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று இன்றுவரை தினம் இரண்டு மின்னஞ்சல் வருகிறது. மேடானில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

இதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று. சம்மரில் விலை ஏறும் என்று மகள் சொன்னாள், ரொஸ்னா சொன்னாள், ஊரே சொல்கிறது. ஆனால் மெல்பர்னுக்கு ஜூனைத் தட்டினால் விலை இறங்குகிறது. ஜூலையைத் தட்டினேன், அதுவும் சல்லிசு. ஒருமுறை கை தவறி டிசம்பரைத் தட்டிவிட்டேன், அப்பா, மூன்று மடங்கு! சரி, கிறிஸ்துமஸ் கூட்டம் போலிருக்கிறது என்று மூடிவிட்டேன். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் சரக்கின் தரம் பார்க்கும் வேலை பார்த்தவன் நான், ஒரு புள்ளி ஈயம் குறைந்தாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன். இவ்வளவு மலிவாக இருந்தால் எங்கேயோ ஒரு குறை இருந்தே ஆக வேண்டும் என்று நானும் தேடோ தேடு என்று தேடினேன். ஒரு குறையும் கிடைக்கவில்லை. கடைசியில், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாளுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டதன் பலன் என்று முடிவு செய்து ஜூன் பதினெட்டுக்கு வாங்கப் போனேன்.

வாங்குவது லேசாக இருந்தது என்று நினைக்காதீர்கள். குடும்பப் பெயர் என்ன என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பெயர், அதற்குப் பிறகு அப்பா பெயர், அவ்வளவுதானே அடையாளக் கார்டில் இருக்கிறது. அப்பா பெயரைப் போட்டேன். உடனே "வருக, திரு. சவரிமுத்து" என்று வந்தது. என் அப்பா இறந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, கப்பலைத் தவிர வேறெதிலும் ஏறாதவர், இப்போது ஜன்னலோர இருக்கை வேண்டுமா என்று அவரைக் கேட்கிறார்கள். பிறகு இன்ஷூரன்ஸ் வேண்டுமா, கால் நீட்ட இடம் வேண்டுமா, மரம் நட வேண்டுமா என்று ஒவ்வொன்றாக வந்தது. மேலே ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றேன். கடைசியில், இந்த டிக்கெட்டை மாற்ற முடியாது, பணம் திரும்பக் கிடைக்காது, சம்மதமா என்று ஒரு கட்டம். அங்கே மட்டும் நான் தயங்கவில்லை சம்பந்தி. மாற்ற முடிகிற டிக்கெட்டை வாங்கினால் நான் மனம் மாறிவிடுவேன், கிளம்புகிற அன்று மறுபடி முதுகு பிடித்துக்கொள்ளும். ஆகவே தெரிந்தே அந்தக் கட்டத்தில் சரி போட்டேன்.

பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து சைகோன், அங்கே ஒன்பது மணி நேரம் காத்திருப்பு, பிறகு மெல்பர்ன். சம்மருக்கென்று ஆறு அரைக்கைச் சட்டை, முட்டி வரைக்குமான இரண்டு கால்சட்டை, ஒரு ஓலைத் தொப்பி வாங்கிவிட்டேன். கையில் ஏழு கிலோ மட்டும்தான் கொண்டுபோகலாம். என் துணி மூன்று கிலோதான், எல்லாம் மெல்லிசு. மீதி நாலு கிலோ உங்களுக்கு. உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் என்ன கொடுத்தனுப்ப வேண்டுமோ அதைச் சம்பந்தியம்மா எடுத்து வைக்கட்டும், ஊறுகாயை மட்டும் ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள் என்று ஷாருல் சொல்கிறார். உங்கள் வீடு இங்கிருந்து பாலத்தில் ஏறினால் அரைமணி நேரம். இரண்டு வருடமாக அந்தப் பாலத்தைத் தாண்டாதவன் பெருங்கடலைத் தாண்டப் போகிறேன் என்று எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. உங்கள் வீட்டு வாசலில் நின்று இந்த முதுகு விஷயத்தைச் சொல்ல எனக்கு முகம் இல்லை, அதனால்தான் தபால். ஷாருலிடம் சாமானைக் கொடுத்தால் போதும், அவர் கொண்டுவந்து சேர்ப்பார்.

செய்தது தப்பு. மன்னித்துவிடுங்கள். லினெட்டிடமும் இதை நேரில் சொல்லத்தான் போகிறேன். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், பிள்ளைகளுக்கு நல்ல வேலையும், வீட்டில் குறையாத சிரிப்பும் கிடைக்க வேண்டும். சம்பந்தியம்மாவிடம் பாயசம் நன்றாக இருந்தது என்று இரண்டு வருடம் பிந்தி நான் சொன்னதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
திருந்திய சம்பந்தி,
ச. பெர்னார்ட்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கடிதத்தை உறையில் போடுவதற்கு முன்னால், லினெட்டுக்கு டிக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் வீடியோவில் வந்துவிட்டாள். தலையில் கம்பளிக் குல்லாய், மூக்கு சிவந்திருக்கிறது. காய்ச்சலா மகளே என்றேன். "அப்பா, ஜூன்ல இங்க எலும்பு நடுங்கிற குளிருப்பா. இங்க சம்மர்னா டிசம்பரு. நான் உங்கள கிறிஸ்துமஸுக்குத்தானப்பா கூப்பிட்டேன்!" என்றாள். மேஜைமேல் டீச்சரின் ஆரஞ்சு இருந்தது, இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் ஆரஞ்சும். கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டிருக்கிறாள் சம்பந்தி, என்னை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அவள் என் தலையில் இருந்த ஓலைத் தொப்பியைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்ப ஜூன்ல வரவா, வேணாமா என்று கேட்டேன். "வாங்க, வந்து நடுங்குங்க. டிசம்பருக்கும் வாங்க. ஆனா மொதல்ல பத்து காவான் போய்ட்டு வாங்க," என்றாள். எப்படிம்மா போவேன், முதுகுவலின்னு பொய் சொன்னவன் என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள். "மாமாவுக்கு அன்னைக்கே தெரியும்பா. கல்யாணத்தன்னைக்குக் காலையில உங்கள கூட்டிட்டுப் போக அவரே பாலம் தாண்டி வந்தாரு. நீங்க டயர் கழுவறத ரோட்டுல இருந்து பாத்துட்டு, பேசாம திரும்பிட்டாரு."

ஆக, தெரிந்தேதான் அந்தத் தைலத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறீர்கள். தெரிந்தேதான் இரண்டு வருடமாக முதுகை விசாரித்திருக்கிறீர்கள். இந்தக் கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டவில்லை. சனிக்கிழமை காலை நானே கொண்டுவருகிறேன். மூன்று வாரம் கணினி முன்னால் கூன் போட்டு உட்கார்ந்ததில், செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு முதுகு பிடித்திருக்கிறது, மேலே சுகம் என்று எழுதியதும் பொய்தான். உங்கள் வாசலில் கெரேத்தாவிலிருந்து நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் தயவுசெய்து சிரிக்காதீர்கள், இது நிஜம். தைலத்தைக் கொண்டுவருகிறேன். மூடியை நீங்களே திறந்துவிடுங்கள்.